'வயசாயிடுச்சுல்ல' என்று அனுப்பிவிடும் முன் ஒரு குழாய் ரத்தம் எடுங்கள்

நீலகிரி மாவட்டச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தோட்ட மருத்துவமனைகளிலும் பணியாற்றும் மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் பெண் நான். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள். கொழுந்து பறிப்பவர்கள், கேரட் கழுவப் போகிறவர்கள், விடுதிகளில் அறை துடைப்பவர்கள். தவணைக் கணக்கு முடிந்ததும் பேச்சு உடம்புக்குத்தான் வரும். ஒருத்திக்குக் காலையில் எழுந்திரிக்கவே முடியவில்லை. ஒருத்திக்குச் சீப்பு நிறைய முடி. இன்னொருத்திக்கு மூன்று மாதம் விலக்கே வராது, வந்தால் பத்து நாள் நிற்காது. தூக்கம் இல்லை, ஞாபகம் இல்லை, எதற்கெடுத்தாலும் கோபம், சாப்பாடு குறைந்தும் எடை மட்டும் ஏறுகிறது.

இவர்கள் எங்கெங்கோ போய்க் காட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "வயசாயிடுச்சுல்லம்மா, அப்படித்தான் இருக்கும்." கையில் ஒரு அட்டை சத்து மாத்திரை.

அந்தப் பதில் முழுப் பொய் என்று சொல்ல வரவில்லை. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சினைப்பை தடுமாறத் தொடங்கிவிடும். ஒரு மாதம் ஈஸ்ட்ரோஜன் எகிறும், அடுத்த மாதம் தரைக்கு வரும். இந்தத் தடுமாற்றக் காலத்தைத்தான் பெரிமெனோபாஸ் என்கிறீர்கள். தைராய்டு கோளாறும் பெண்களிடம் அதிகம் தலைகாட்டுவது ஏறக்குறைய இதே வயதில்தான். அசதி, எடை, முடி, தூக்கம், மனநிலை, விலக்குக் கோளாறு எல்லாம் இரண்டுக்கும் பொது. வெளியே இருந்து பார்த்து எது எது என்று பிரிப்பது எவ்வளவு பெரிய மருத்துவருக்கும் சிரமம். ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் பெரும்பாலும் இது ஏறும்) பார்த்தால் தைராய்டுப் பக்கம் பெரும்பாலும் தெளிந்துவிடும். அந்த ஒரு சோதனையைச் செய்யாமலே 'வயசு' என்று முடிவு கட்டுவதுதான் என் வருத்தம்.

மலையில் இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. தைராய்டு குறைவாகச் சுரந்தால் குளிர் தாங்காது. சென்னையில் சித்திரை மாதம் ஒருத்தி கம்பளி போர்த்தினால் வீட்டிலேயே என்ன ஏது என்று கேட்பார்கள். உறைபனி விழுகிற ஊரில் "ரொம்பக் குளிருது டாக்டர்" என்றால் யார் காதில் ஏறும்? தோல் வறட்சியும் அப்படித்தான். பனிக்காலத்தில் இங்கே யார் காலில் வெடிப்பு இல்லை? அதனால் எங்கள் பெண்கள் இதையெல்லாம் மருத்துவரிடம் சொல்வதே கிடையாது. நீங்களாகக் கேட்க வேண்டும்: மற்றவர்களைவிட உனக்கு அதிகமாகக் குளிருகிறதா? போன வருஷத்தைவிட இந்த வருஷம் அதிகமா?

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். தை மாத விடியற்காலையில் எழுந்து, ஸ்வெட்டரையும் குல்லாவையும் கழற்றிப் போட்டுவிட்டு வாசல்படியில் வந்து உட்கார்ந்துவிடுவார். முன்னால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும், இவர் கழுத்திலும் நெஞ்சிலும் வேர்வை ஓடும். கரடி வரும் இடம், உள்ளே வா என்று வீட்டுக்காரர் கத்துவார். அவருக்கு டி.எஸ்.ஹெச். பார்த்தாயிற்று, சரியாகவே இருந்தது. அவருக்கு வந்தது விலக்கு நிற்கும் காலத்துச் சூடுதான். அதற்கும் வைத்தியம் உண்டு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. "தைராய்டு இல்ல, போயிட்டு வா" என்றதோடு சரி.

இதற்கு நேர்மாறாக இன்னொருத்தி. இவளுக்கும் வேர்வை, படபடப்பு, தூக்கமின்மை. கூடவே கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடித்த கை நடுங்கியது, உடம்பு இளைத்துக்கொண்டே போனது. இவளிடமும் வயசு என்றுதான் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது. படபடப்போடு எடையும் இறங்கினால் விலக்கு நிற்கும் காலம் என்று விட்டுவிடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நூறு பேர் வரிசையில் நிற்கும் காலை வேளையில் அதைக் கேட்க நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொரு பக்கம், தனியார் ஆய்வகங்கள் 'ஹார்மோன் பேக்கேஜ்' என்று ஒரு நீளப் பட்டியலைக் கையில் திணிக்கின்றன. 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு விலக்கு தாறுமாறாகி, சூடும் வேர்வையும் இருந்தால், வயதையும் விலக்கின் போக்கையும் கேட்டே நிலையைச் சொல்லிவிடலாம். சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனின் அளவு இந்தக் காலத்தில் வாரத்துக்கு ஒன்றாக மாறும், ஒருமுறை பார்த்துப் பெரிதாகத் தெரியப்போவதில்லை. கூலிக்காரப் பெண்ணின் காசை அதில் கரைக்க வேண்டாம். டி.எஸ்.ஹெச்., ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று நான்கைப் பார்த்தாலே முக்கால்வாசி வழி தெரிந்துவிடும். முடி கொட்டுகிறது என்று மருந்துக்கடையில் பயோட்டின் மாத்திரை வாங்கிப் போடுகிறார்களா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அதிக அளவு பயோட்டின் சில சோதனை முறைகளில் தைராய்டு முடிவையே புரட்டிப் போட்டுவிடும். இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இங்கேதான்.

தைராய்டு குறைவு என்று தெரிந்து மாத்திரை வாங்கிய பெண்ணின் வீட்டில் காலை ஐந்தரை மணி. அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கிறது. ஜன்னல் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் தைராய்டு மாத்திரை, இரத்தசோகைக்கு இரும்புச்சத்து, எலும்புக்குக் கால்சியம், நெஞ்செரிச்சலுக்கு கேஸ் மாத்திரை. எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி, பால் ஊற்றிய தேத்தண்ணியோடு ஒரே மடக்கு. ஏழரைக்குள் காட்டில் நிற்க வேண்டுமே.

இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்சின் என்ற ஹார்மோனைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். டீயும் பாலும் தம் பங்குக்குக் குறைக்கும். உள்ளே போவது பாதி. அடுத்த சோதனையில் டி.எஸ்.ஹெச். குறையவில்லை. 50 மைக்ரோகிராம் 75 ஆகிறது, 75 நூறாகிறது. பிறகு ஒருநாள் இரும்பு மாத்திரை தீர்ந்துபோகும், வாங்க மாட்டாள். இப்போது அந்த நூறும் முழுதாக ரத்தத்தில் சேரும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், ராத்திரி தூக்கம் போகும். மறுபடி யாராவது சொல்வார்கள், வயசு என்று.

இந்த வயதில் அது சின்ன விஷயமும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது எலும்பு தானாகவே தேய்கிறது. தைராக்சின் அளவுக்கு மிஞ்சினால் இன்னும் வேகமாகத் தேயும், இதயத்துடிப்பும் தாளம் தவறும். முதுகில் கொழுந்து மூட்டையோடு சறுக்கலில் இறங்குகிறவளுக்கு எலும்பு தேய்ந்தால் என்ன ஆகும் என்று உங்கள் எலும்பு முறிவுப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

சரியான முறை எளிது. விடிந்து எழுந்ததும், அடுப்பு மூட்டும் முன், வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை. தண்ணீர் பிடித்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டி முடிப்பதற்குள் அரை மணி, முக்கால் மணி தானாக ஓடிவிடும், அப்புறம் தேத்தண்ணி. இரும்பும் கால்சியமும் அதிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளி, மத்தியானமோ இரவோ. அளவை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்தே மறுசோதனை, ஏனென்றால் தைராக்சின் உடம்பில் நிலைக்கு வரவே ஆறு வாரம் பிடிக்கும். குப்பியை அடுப்படி அலமாரியில் வைக்கக் கூடாது. புகையும் சூடும் ஒருபுறம், நம்மூர் மழைக்கால ஈரம் மறுபுறம். இதையெல்லாம் மருந்து கொடுக்கும் இடத்தில் தமிழில் ஒரு நிமிடம் சொன்னால் போதும். சொல்ல ஆள் இல்லை என்றால், மருந்துக் கவரின் மேல் ஒரு தேத்தண்ணிக் குவளையை வரைந்து குறுக்கே ஒரு கோடு போட்டு அச்சடித்துக் கொடுங்கள். எழுத்துத் தெரியாதவளுக்கும் புரியும்.

விலக்கு நிற்கும் காலத்து வேதனைக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதும் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் தைராக்சினைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கூட்டிவிடும், அதனால் ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுகிறவளுக்கு அளவு போதாமல் போகலாம். தோலில் பூசும் ஜெல்லில் அந்தத் தொல்லை குறைவு. ஈஸ்ட்ரோஜன் யாருக்குக் கூடும், யாருக்குக் கூடாது என்பது உங்கள் கணக்கு. டி.எஸ்.ஹெச். மறுபடி பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உதிரப்போக்கைப் பற்றி ஒன்று. தைராய்டு குறைந்தாலும் விலக்கு கொட்டும், சினைப்பை தடுமாறினாலும் கொட்டும், கட்டி இருந்தாலும் கொட்டும். கீழே சமவெளியில் ஏதோ ஒரு மருத்துவமனைக்குப் போனவர்களில் சிலர், "கர்ப்பப்பையை எடுத்துடலாம், தொல்லை விட்டுது" என்ற பேச்சோடு திரும்பி வருகிறார்கள். தைராய்டு பார்த்தார்களா என்றால் விழிக்கிறார்கள். தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க ஒன்றிய அரசு 2022-ல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அதை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அது மலைக்குப் போகும் பேருந்தில் ஏறியதா? மறுபக்கம், 45-க்கு மேல் கண்டபடி போகும் உதிரத்தையும், விலக்கு நின்று ஒரு வருடம் கழித்து வரும் ஒரு சொட்டையும் தைராய்டு என்று விட்டுவிடாமல் ஸ்கேன் பார்க்க வேண்டும். அது புற்றின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம்.

வேலைக்காட்டில் கழிப்பறை இல்லாததையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே தண்ணீர், கழிப்பறை, மருத்துவ வசதி மூன்றும் எழுதப்பட்டன. உதிரம் கொட்டும் நாளில் தேயிலைச் செடி மறைவில் துணி மாற்றும் பெண்ணிடம் அந்தச் சட்டத்தைப் படித்துக் காட்ட எனக்குத் தைரியம் இல்லை. தோட்டத்து மருத்துவர்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டால் அதற்கு ஒரு கனம் உண்டு.

அயோடின் பற்றி எங்கள் பெண்களுக்குக் குழப்பம் நிறைய. மழை மண்ணில் உள்ள அயோடினை அரித்துச் செல்லும், மலைகளில் கழுத்துக் கழலை வந்தது அதனால்தான். 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கி, பிறகு அயோடின் உப்பு வந்து அந்தப் பிரச்சினையைப் பெருமளவு தணித்தது. இப்போது தைராய்டு குறைவுக்கு முக்கியக் காரணம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது, ஹாஷிமோட்டோ நோய் என்பார்களே அது. அதற்கு உப்பைக் கூட்டிப் பயனில்லை. முட்டைக்கோஸைக் கண்டு பயப்படவும் வேண்டாம். அயோடின் உப்பு சேர்த்து, வேகவைத்து அளவாகச் சாப்பிடும் கோஸ் ஒன்றும் செய்யாது. கோஸ் விளையும் ஊரில் கோஸை விலக்கச் சொல்லி அனுப்பினால் அவள் என்னத்தைத்தான் சமைப்பாள்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் லைன் வீடுகள் வரை வருகிறது. தன்னார்வலர்கள் பி.பி., சர்க்கரைக்கு மாத்திரை கொடுக்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். அந்தத் தங்கைகள் நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் விலக்கையும், எடையையும், குளிரையும் சேர்த்துக் கேட்கட்டும். சந்தேகம் இருந்தால் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்து, குழாயை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பந்தலூரிலிருந்து ஊட்டிக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஊட்டியில் 2025-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நினைத்து எங்களுக்குப் பெருமைதான், ஆனாலும் அங்கே ரத்தக் குழாய் போகட்டும், பெண் போக வேண்டாம். முடிவு வந்தபின் தைராய்டு மாத்திரையையும் பி.பி. மாத்திரையோடு சேர்த்து வீட்டிலேயே கொடுங்கள்.

முதல் முகாமை எங்கள் குழுக் கட்டடத்தில் நடத்தலாம், நாற்காலியும் சுடுதண்ணீரும் எங்கள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மே மாதம் வேண்டாம். சீசனுக்குச் சாலையை ஒருவழியாக்கிவிட்டால் எங்கள் பேருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தென்மேற்கு மழையும் பின்னாலேயே வந்துவிடும். மாசி, பங்குனியில் ஒரு தேதி சொல்லுங்கள், ஆட்களைக் கூட்டி வருகிறோம்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்து மகளிர் குழு ஒன்றின் சார்பில்,
அதன் செயலாளர்