மைக் சரியாகிவிட்டதா?

அன்புள்ள சுந்தரம்,

எழுதிப் பதினோரு மாதங்கள் ஆகிவிட்டன. நீ கணக்கு வைத்திருப்பாய் என்பதால் நானே முந்திக்கொண்டேன். மாடிப்படியில் வழுக்கியது, காலில் கட்டுப் போட்டது, மகள் வீட்டில் மூன்று மாதம் முடங்கிக் கிடந்தது எல்லாம் உண்மை. ஆனால் எழுதாததற்குக் காரணம் சோம்பல்தான். முழங்கால் இப்போது பரவாயில்லை. உன் சர்க்கரை எப்படி? கூட்டிக் குறைத்துச் சொல்லாதே, உன் வீட்டம்மா எனக்குத் தனியாகச் சொல்லிவிடுவார். நெட்டை ராமு பேரனுக்கு மொட்டையடித்த படத்தை அனுப்பியிருந்தான். பேரன் தலையைவிட அவன் தலைதான் பளபளக்கிறது. நலம் விசாரிப்பு முடிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு மனிதர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் மைக்கை அணைத்துவிட்டேன்.

சிரிக்காதே. வீட்டில்கூட இதைச் சொல்லவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இதை வைத்தே என்னை வறுத்தெடுப்பாய் என்று தெரிந்துதான் உன்னிடம் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால் "நல்லதுதானே செய்தீர்கள்" என்பார்கள். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

எங்கள் வாசகர் வட்டம் உனக்குத் தெரியும். நூலகத்து மாடியில் மாதம் ஒரு கூட்டம். வழக்கமாக இருபத்தைந்து பேர் வருவார்கள், அதில் நான்கு பேர் மின்விசிறிக்காக. இந்த முறை தலைப்பு இட ஒதுக்கீடு. பதாகையில் "ஒரு திறந்த விவாதம்" என்று போட வேண்டும் என அடம்பிடித்தவன் நான். எண்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பக்கத்துத் தட்டச்சு நிலையத்திலிருந்து நாற்காலிகள் இரவல் வாங்கினோம். ஒருவருக்கு நான்கு நிமிடம். நெறியாளர் நான். என் வலது கைப்பக்கம் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டி.

ஆறாவதாக எழுந்தவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். வெளிர்மஞ்சள் அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டதால் ஒவ்வொரு "ப"வும் பட்டாசு மாதிரி வெடித்தது. "என் அப்பா தறி நெய்தவர். என் படிப்பும் வேலையும் ஒதுக்கீட்டில் கிடைத்தவை, அதை எங்கேயும் மறைத்ததில்லை" என்று ஆரம்பித்தார். கைதட்டினோம். பிறகு சொன்னார்: "என் மகளுக்கும் ஒதுக்கீட்டில்தான் இடம் கிடைத்தது. ஆனால் அவள் ஆங்கிலப் பள்ளியில் படித்தவள், தனிப்பயிற்சிக்குப் போனவள். மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் வளமானவர்களைக் கழிக்க ஒரு சல்லடை இருக்கிறது. நம் மாநிலத்தில் அது இல்லை. எங்கள் தெருவில் இன்றும் தறியில் உட்காருகிறவரின் மகள், என் மகள் நின்ற அதே வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றாள். அதனால் நான் சொல்ல வருவது..."

அதற்குள் பின்வரிசையில் சலசலப்பு. நம் பையன்களில் ஒருவன், நல்லவன்தான், எழுந்து நின்று "இவர் யாருடைய ஆள்? யார் அனுப்பினார்கள்?" என்று கத்தினான். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். என் விரல் தானாகப் போய்ப் பொத்தானை அழுத்தியது என்று எழுதத்தான் ஆசை. இல்லை, பார்த்துத்தான் அழுத்தினேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

அவருக்குப் புரியவில்லை. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பிறகு மைக்கை விரலால் தட்டினார். வாயால் ஊதினார். தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார், அது சுற்றிக்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பி, "கரண்ட் போய்விட்டதா சார்?" என்று கேட்டார்.

"மைக்தான் ஏதோ கோளாறு போலிருக்கிறது" என்றேன்.

அவர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மைக்கை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்து, "பரவாயில்லை, அதற்கும் வயதாகிவிட்டது" என்று சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அடுத்தவர் வந்ததும் மைக் தானாகக் குணமாகிவிட்டது.

அன்றிரவு நீ விட்டுப்போன அந்தத் அரசமைப்புச் சட்டத் தலையணைப் புத்தகத்தை எடுத்து, பேச்சுரிமை பற்றிய 19-ஆவது பிரிவைப் பிரித்தேன். நீ என்னைப் படிக்கச் சொன்னபோதெல்லாம் படிக்காதவன், குற்றம் செய்த பிறகு படிக்கிறேன். வக்கீலாகிய உனக்கு நான் சட்டம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான், பொறுத்துக்கொள். பேச்சைக் கட்டுப்படுத்த 19(2) தருகிற காரணங்களை எண்ணினேன்: இறையாண்மையும் ஒருமைப்பாடும் (1963-இல் சேர்ந்தது, அண்ணா மாநிலங்களவையில் எதிர்த்துப் பேசியதை உன் அப்பா அடிக்கடி சொல்வாரே), அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்பு, பொது ஒழுங்கு, கண்ணியமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். எட்டு. "மனம் புண்பட்டது" அந்த எட்டில் இல்லை. அது தண்டனைச் சட்டத்தின் வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது என்று நீ சொல்வாய், தெரியும். "நெறியாளருக்குப் பதில் தெரியவில்லை" என்பதும் இல்லை.

என் செயலுக்குப் பொருந்துவது "பொது ஒழுங்கு" ஒன்றுதான். அந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்தால் நம் ஊர்க் கதை! 1950-இல் ரொமேஷ் தாப்பரின் இடதுசாரி வார இதழ் மாநிலத்துக்குள் நுழையத் தடை போட்டது சென்னை அரசு, காரணம் பொது அமைதி. உச்ச நீதிமன்றம் தடையை உடைத்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, சென்னைக்காரர். அன்றைய அரசமைப்பில் "பொது ஒழுங்கு" என்ற காரணமே கிடையாது, அரசையே கவிழ்க்கும் அளவு ஆபத்து இருந்தால்தான் கட்டுப்படுத்தலாம் என்றது நீதிமன்றம். அதே நாளில், டெல்லியில் வெளிவந்த ஒரு வலதுசாரி வார இதழுக்குப் போட்ட முன்தணிக்கையும் விழுந்தது. இவனுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்கவில்லை பார், அதுதான் எனக்குப் பிடித்தது.

ஒன்றரை ஆண்டு தாங்கவில்லை. 1951 ஜூனில் முதல் திருத்தம். பொதுத்தேர்தல்கூட நடக்காத நாடாளுமன்றம் "பொது ஒழுங்கு" என்பதை உள்ளே கொண்டுவந்தது. கூடவே, கட்டுப்பாடு "நியாயமானதாக" இருக்க வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்தது. பூட்டையும் சாவியையும் ஒரே கையால் கொடுத்த மாதிரி.

நான் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தது அடுத்த பக்கத்தைப் பார்த்த பிறகு. அதே திருத்தத்தில்தான் 15(4) வந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை அடிபட்டதால் வந்த பிரிவு. கல்லூரிகளில் ஒதுக்கீட்டுக்கு வழி திறந்ததும், பேச்சுக்கு வேலியை நெருக்கியதும் ஒரே சட்டம், இரண்டுக்கும் வித்து சென்னையிலிருந்து போன வழக்கு. அதுவரை எத்தனையோ கூட்டத்தில் 15(4)-ஐப் பற்றித் தொண்டை வற்றப் பேசியிருக்கிறேன், மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. அன்று அந்தச் சட்டத்தின் ஒரு பாதியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இன்னொரு பாதியைக் கையில் எடுத்துவிட்டேன், அதிலும் "நியாயமான" என்ற சொல்லை விட்டுவிட்டு.

இந்த இடத்தில் நீ 1989-ஐ இழுப்பாய். இழு. ஒதுக்கீட்டைக் குறைசொன்ன அந்தப் படத்தை ஓடவிடக் கூடாது என்று நான் பந்தலில் உட்கார்ந்திருந்தேன், நீ "ஓடட்டும், போய்ப் பார்த்துவிட்டுத் திட்டு" என்றாய். நான்கு மாதம் பேசிக்கொள்ளவில்லை. உயர் நீதிமன்றம் ரத்துசெய்த தணிக்கைச் சான்றிதழை மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்ததும் நீ போட்ட அஞ்சலட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. "பொறி எங்கே, கிடங்கே?" என்று ஒரே வரி. பேச்சுக்கும் ஆபத்துக்கும் இடையில் வெடிமருந்துக் கிடங்கில் விழுந்த பொறிக்கு உள்ள நெருக்கம் வேண்டும் என்று தீர்ப்பு சொன்னதாம், ஐயா அதை வைத்து எனக்குப் பெயர் சூட்டிவிட்டார். ஆனால் ரங்கராஜன் வழக்கின் அந்தத் தீர்ப்பில் உன் அஞ்சலட்டையில் இல்லாத ஒரு பகுதியை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். ஊர்வலம் வரும், கலவரம் வரும் என்று மிரட்டினால் பேசுகிறவனை நிறுத்துவது மிரட்டலுக்குப் பணிவது. கூட்டத்தைச் சமாளிப்பதுதான் அரசின் வேலை என்கிறது. கத்தியவன் பின்வரிசையில் நின்றான், நான் மைக்கைப் பிடுங்கியது முன்னால் நின்றவரிடம். அரசாங்கங்களை இதற்காக எத்தனை முறை ஏசியிருப்பேன்!

இதையாவது கோழைத்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். முழு உண்மை அதைவிட மோசம். அவர் மகளைப் பற்றிச் சொன்னபோதே என் வயிற்றில் ஏதோ கனத்தது. அவர் தப்பாகப் பேசவில்லை, நன்றாகப் பேசினார். என்னிடம் பதில் தயாராக இல்லை. அடுத்து நான் எழுந்து ஏதாவது சொல்லியாக வேண்டும், எண்பது பேர் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பின்வரிசைச் சத்தம் எனக்கு வசதியாக வந்து சேர்ந்தது. அவர் "அதனால்" என்று சொல்லி நிறுத்தப்பட்டார். அதற்குப் பின் என்ன வரும்? உள் ஒதுக்கீடா, வருமான வரம்பா, ஒதுக்கீடே வேண்டாம் என்பதா? தெரியாது. தெரியாத முடிவுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிவிட்டேன். இணையப் பேச்சுக்குத் தண்டனை விதித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தபோது விவாதம், வாதாடுதல், தூண்டுதல் மூன்றையும் பிரித்து, மூன்றாவதில்தான் சட்டம் கைவைக்கலாம் என்றதே. என் ஆள் இரண்டாவதுக்கே இன்னும் வந்து சேரவில்லை.

இத்துடன் முடித்திருந்தால் உனக்கு முழு வெற்றி. முடியவில்லை. கூட்டம் கலைந்து நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி, அரசு அலுவலகம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக வேலை.

"நீங்கள் அணைத்ததைப் பார்த்தேன் சார். நன்றி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லையே அம்மா என்றேன். "சொல்லவில்லைதான். நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இந்தத் தலைப்பில் யார் எழுந்தாலும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. அலுவலகத்தில் என் மதிப்பெண் என்ன என்று என்னை வைத்துக்கொண்டே பேசுவார்கள், 'பொதுவாகச் சொல்கிறோம்' என்பார்கள். நீங்களெல்லாம் பேசிவிட்டு வீட்டுக்குப் போவீர்கள். நான் திங்கட்கிழமை அங்கே போக வேண்டும்."

இதற்கு உன் புத்தகத்தில் என்ன பதில் இருக்கிறது, சொல். நேர்மையாகக் கேட்கிறேன். "பேச்சுக்கு மறுபேச்சு" என்று நீ பழைய பாட்டைப் பாடுவாய். நானும் அதையே பாடினேன்: அடுத்த முறை அவருக்கு நீங்கள் பதில் சொல்லலாமே என்றேன். அவர் கோபப்படவே இல்லை. "இன்றைக்கே சொல்லியிருப்பேன். பட்டியலில் என் பெயர் பதினெட்டாவது. பதினோராவது ஆளோடு நேரம் முடிந்துவிட்டது என்று நீங்கள்தான் அறிவித்தீர்கள்" என்றார்.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முதல் பத்துப் பெயரில் அந்த மஞ்சள் சட்டைக்காரரைத் தவிர எல்லாரும் வழக்கமான ஆட்கள். அதில் தலைவர் மூன்று நிமிடம் கூடுதலாகப் பேசியதும், நான் முன்னுரையில் இருபது நிமிடம் தின்றதும் நினைவுக்கு வந்தன. பொத்தானைத் தொடாமலே ஒருவரைப் பேசவிடாமல் செய்திருக்கிறேன், அதற்குச் சிவப்பு விளக்கும் கிடையாது.

நேற்று மாலை அந்த மஞ்சள் சட்டைக்காரர் தொலைபேசியில் அழைத்தார். "மைக் சரியாகிவிட்டதா சார்? மீதி அரைப் பக்கத்தை அப்படியே வைத்திருக்கிறேன்." கேலியா, உண்மையாகவே கேட்டாரா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் மின்விசிறியைப் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது. "சரியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்" என்றேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. சொல்லவில்லை.

புதுப் பட்டியல் இப்போது என் முன்னால் இருக்கிறது. முதல் இரண்டு பெயர் அவர்கள் இருவருடையது. யாரை முதலில் போடுவது என்று மூன்று முறை அடித்து எழுதியாகிவிட்டது. அவரை முதலில் விட்டால் அந்தப் பெண் பதில் சொல்ல வந்தவர் ஆகிவிடுகிறார். அந்தப் பெண்ணை முதலில் விட்டால் அவர் கூண்டில் ஏறியவர் மாதிரி ஆகிவிடுகிறார். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று பார்த்தால், குலுக்குவதும் நான்தான்.

முன்னுரையை ஐந்து நிமிடமாகக் குறைத்திருக்கிறேன். அந்த ஐந்தில் மைக் கதையைச் சொல்வதா, தனியாக அவரிடம் மட்டும் சொல்வதா? வெள்ளிக்குள் பதில் வர வேண்டும். தொலைபேசி வேண்டாம், பேச ஆரம்பித்தால் நீ என்னைப் பேசவே விடமாட்டாய்.

உன்,
கிடங்கு

பின்குறிப்பு: ஆம்ப்ளிஃபயரைக் கடைசி வரிசைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன், கத்திய பையன்தான் அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறான். ராமுவிடம் இதில் ஒரு வார்த்தை போகக் கூடாது.