ஜோசஃப் பாப்: வசூலுக்கு அப்பால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க் நாடகத் தயாரிப்பாளர் ஜோசஃப் பாப்பைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். நியூயார்க்கின் வணிக நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் 1975 முதல் 1990 வரை 6,137 முறை மேடையேறிய 'எ கோரஸ் லைன்' என்ற இசை நாடகத்தையே அவருடைய தலையாய சாதனையாகக் கட்டுரையாளர் காட்டுகிறார். அந்த நாடகத்தின் வசூல் எதற்குச் செலவானது என்பதைச் சொல்லாமல் விட்டதால், பாப்பின் வாழ்க்கையில் பாதிதான் வாசகருக்குக் கிடைத்திருக்கிறது.

புரூக்ளினில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் 1921-இல் பிறந்த பாப், ஷேக்ஸ்பியரைப் படித்தது பொது நூலகத்தில்தான். அங்கே புத்தகம் கிடைப்பதைப் போலவே நாடகமும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார். சென்ட்ரல் பார்க்கில் அவர் இலவசமாக நடத்திவந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குத் திரளும் கூட்டத்தால் புல்தரை பாழாகிறது என்றும், அதைச் சீரமைக்க நுழைவுக் கட்டணம் வாங்கினால்தான் அனுமதி தரப்படும் என்றும் 1959-இல் பூங்காத் துறை ஆணையர் ராபர்ட் மோசஸ் நிபந்தனை விதித்தார். நகரத்தின் பாலங்களையும் நெடுஞ்சாலைகளையும் தம் விருப்பப்படி அமைத்த மோசஸை எதிர்க்க அரசியல்வாதிகளே தயங்கிய காலம் அது. பாப்போ, கம்யூனிஸ்டுகளைத் தேடி விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன் பிறருடைய பெயர்களைச் சொல்ல மறுத்ததற்காக முந்தைய ஆண்டுதான் தொலைக்காட்சி வேலையை இழந்து, போராடித் திரும்பப் பெற்றிருந்தார். ஆனாலும் அவர் வழக்குத் தொடுத்தார், மேல்முறையீட்டில் வென்றார். 1962-இல் அதே பூங்காவில் டெலகோர்ட் திறந்தவெளி அரங்கம் எழுந்தது. அங்கே கோடைக்கால நாடகங்களுக்கு இன்றும் கட்டணம் இல்லை.

தயாரிப்பாளர் என்றால் முதல் போட்டு லாபம் எடுப்பவர் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பாப்பிடம் போடுவதற்கு முதலே இல்லை. நகராட்சியிடமும் செல்வந்தர்களிடமும் ஓயாமல் கேட்டுக் கேட்டுத்தான், இடிக்கப்படவிருந்த ஆஸ்டர் நூலகக் கட்டடத்தை மீட்டு, 1967-இல் அதைப் 'பப்ளிக் தியேட்டர்' ஆக்கினார். 'எ கோரஸ் லைன்' உருவானதும் அங்கேதான். பிராட்வேயில் அது ஈட்டிய பணம், புதிய நாடகாசிரியர்களுக்கு இடம் தந்த அந்த அரங்கைப் பல ஆண்டுகள் தாங்கியது.

1991-இல் மறைவதற்கு முந்தைய ஆண்டிலும், ஆபாசத்துக்கு எதிரானது என்ற பெயரில் படைப்புகளுக்குக் கட்டுப்பாடு விதித்த கூட்டரசின் கலை நிதியை அவர் ஏற்க மறுத்துவிட்டார். இவற்றையும் சேர்த்து ஒரு தொடர்கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.