கால்வாயை அடைக்காமல் புகை அடங்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வறட்சி வந்தால் சிலாங்கூரில் கிள்ளான் அருகே உள்ள ஜொகான் செத்தியாவில் நிலம் புகைகிறது. கிள்ளான் மூச்சுத் திணறுகிறது. தீயணைப்பு வீரர்கள் இரவு பகலாகத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். அவர்கள் உழைப்பைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் பாதி மக்கிய செடிகொடிகள் சேர்ந்து உருவான, காம்புட் எனும் கரிச்சதுப்பு மண்ணில் நெருப்பு அடியிலேயே கனன்று நகரும். ஓரிடத்தில் அணைத்தால் அப்பால் கிளம்பும். சதுப்பு நிலம் எரிகிறது என்றால் அதைக் காயவைத்தது யார்? நீரை வடிக்க நாம் வெட்டிய கால்வாய்கள்தான்.

கோலசிலாங்கூர்ப் பக்கம் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளனாக, இருந்தவன் நான். அங்கேயும் கரிமண்தான்; நீர் வடிய வடிய நிலம் எங்கள் கண்ணெதிரே இறங்கியது. செம்பனைகள் வேர் தெரியச் சாய்ந்து, சில தரையோடு படுத்து, குருத்தை மட்டும் நிமிர்த்தி நின்றன. நான்கைந்து ஆண்டுக்கொரு முறை வீட்டு வாசலில் இன்னொரு படி கட்டினோம். இறங்கிய மண்ணில் பெரும்பகுதி மக்கிக் கரியமிலவாயுவாகப் போய்விட்டது. ஒரு மீட்டர் கரிமண் சேர ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு ஆகும். உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே உள்ள இந்நிலங்கள், எல்லாக் காடுகளின் மரங்களையும்விட அதிகக் கரிமத்தைப் பிடித்துவைத்திருக்கின்றன.

மீட்க முடியும். ராஜா மூசா வனக்காப்பகத்தில் 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் குளோபல் என்விரோன்மென்ட் சென்டர் எனும் சுற்றுச்சூழல் அமைப்பும் கால்வாய்களை அடைத்து வருகின்றன. அண்மையில் போய்ப் பார்த்தேன். தடுப்பணைக்கு மேல்பக்கம் காப்பி-ஓ (பாலில்லாத காப்பி) நிறத்தில் நீர் கரை தொட்டு நின்றது; கீழ்ப்பக்கம் முழங்கால் ஆழம்கூட இல்லை. நீர் நின்ற பக்கத்தில் மகாங் மரக்கன்றுகள் தளதளவென்று நின்றன. தாப்பிர் எனும் காட்டு விலங்கு நடமாடும் காடு இது. சிலாங்கூர்க் கரிச்சதுப்பைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிவப்புச் சண்டைமீன் இந்தக் கறுப்பு நீரில்தான் பிழைக்கிறது. தஞ்சோங் காராங் நெல்வயல்களின் நீருக்கும் இந்தக் காடு துணை நிற்கிறது.

கால்வாயைத் திறந்துவைத்துக்கொண்டு கன்று நட்டுப் படம் பிடிப்பதில் பயனில்லை. முதலில் நீர், பிறகு மரம். காய்கறி பயிரிடும் சிறு விவசாயிகளின் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. அவர்களோடு உட்கார்ந்து பேசி நீர்மட்டத்தை முடிவு செய்யலாம். பயிரில்லாமல் கைவிடப்பட்ட நிலங்களின் கால்வாய்களை அடைக்க என்ன தடை?

2021இல், இதே போன்ற கரிச்சதுப்புக் காடான கோலலங்காட் வடக்கு வனக்காப்பகத்தின் ஒரு பகுதி காப்பக அந்தஸ்தை இழந்தபோது மக்கள் எழுப்பிய குரலால் அது திரும்பக் கிடைத்தது. அதே குரலை இப்போதும் எழுப்புவோம். அடுத்த வறட்சிக்கு முன் எந்தெந்தக் கால்வாய்கள் அடைபடும், தடுப்பணைகளை யார் காவல் காப்பார்கள் என்பதை மாநில அரசு பட்டியலிட்டு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
செந்தூல், கோலாலம்பூர்