ஒட்டாத பிள்ளை ஒட்டியது: கோத்தகிரியிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன மாதம் கோவையில் டாக்டரம்மா எங்கள் மகளின் ஃபைலை மூடி வைத்துவிட்டு, "இனி மாதாமாதம் வர வேண்டாம், ஏதாவதுன்னா மட்டும் வாங்க" என்றார். திரும்பும்போது மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் மலையேற ஆரம்பித்ததும் மகள் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். யார் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். கோத்தகிரி வருவதற்குள் விரல்கள் தீர்ந்துவிட்டன. சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அவள் பெயரையும் உங்கள் பெயர்களையும் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

2021 பிப்ரவரியில் அவளைத் தத்தெடுத்துக் கூட்டி வந்தோம். அப்போது அவளுக்கு மூன்று வயது. தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவில் பதிவு செய்துவிட்டுச் சில வருடங்கள் காத்திருந்தவர்கள் நாங்கள். பிள்ளை வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்தோம்.

அவள் அழவே மாட்டாள். கீழே விழுந்தால் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடப்பாள். பசிக்கிறது என்று கேட்க மாட்டாள். நான் தூக்கினால் உடம்பு கட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். ஆனால் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர் கை நீட்டினால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். பார்த்தவர்கள் எல்லாரும் "என்ன சமத்து, யார்கிட்ட வேணாலும் போகுதே" என்றார்கள். நானும் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டேன்.

அது சமத்து இல்லை என்று முதலில் சொன்னவர் எதிர்வீட்டுப் பெரியம்மா. ஒருநாள் தலையணை உறையைக் கழற்றியபோது உள்ளே வர்க்கி பிஸ்கட். நாலைந்து இருக்கும், நொறுங்கித் தூளாகி, எறும்பு மொய்த்துக் கிடந்தது. நான் கத்திவிட்டேன். அவள் சுவரை ஒட்டி நின்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு வந்த பெரியம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "புள்ளைய வையாத. நானும் ஒளிச்சவதான்" என்றார்.

பெரியம்மா அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். ஆறு வயதில் அப்பாவோடும் அப்பத்தாவோடும் தலைமன்னாரில் கப்பல் ஏறியிருக்கிறார். அடுத்த கப்பலில் வருகிறேன் என்று சொன்ன அம்மா வரவேயில்லை. மண்டபம் முகாமில் இருந்த நாள் முழுக்க ஒரு காய்ந்த பாண் (ரொட்டி) துண்டைப் பாவாடை மடிப்பிலேயே வைத்திருந்தாராம். "திங்கிறதுக்கு இல்ல. இருக்குன்னு தெரிஞ்சாதான் தூக்கம் வரும்" என்றார். அன்று சாயங்காலமே தன் வீட்டிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். என்னிடம், "இது காலியாகக் கூடாது. எப்ப எடுத்தான்னு கேக்கவும் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா, நான்கரை வருடமாக அந்த டப்பா சமையலறையின் கீழ்த்தட்டில், அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

அப்புறம்தான் டாக்டரம்மாவிடம் போனோம். இதற்கு அட்டாச்மென்ட், அதாவது பிணைப்புப் பிரச்சினை என்று பெயர் என்றார். பிறந்த நாளிலிருந்து பசித்து அழும்போது ஒரே முகம் திரும்பத் திரும்ப வந்தால், உலகத்தை நம்பலாம் என்று குழந்தையின் உடம்பு கற்றுக்கொள்கிறதாம். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் முகம் மாறினால், அழுது பயனில்லை என்று அதே உடம்பு கற்றுக்கொள்கிறது. ஜான் பௌல்பி என்ற ஆங்கில மனநல மருத்துவர் 1951லேயே உலக சுகாதார நிறுவனத்துக்கு இதைப் பற்றி அறிக்கை கொடுத்திருக்கிறார்.

நான் ஃபோனில் எதையோ படித்துவிட்டுப் பதறிப்போய், "இரண்டு வயசு தாண்டிட்டா அவ்வளவுதானா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகரக் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, 2000லிருந்து அவர்களைக் கவனித்து வந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்கள் அதிகம் தேறினார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒதுங்கி ஒடுங்கியிருந்த பிள்ளைகள் குடும்பம் கிடைத்ததும் நன்றாகவே மீண்டார்கள். யாரோடும் போய்விடும் பழக்கம்தான் மெதுவாகக் குறைந்தது என்றார். எங்கள் வீட்டிலும் அப்படியேதான் நடந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னதற்கு நன்றி, டாக்டரம்மா.

அவர் கொடுத்த வேலைகள் கேட்க எளிதாகத்தான் இருந்தன. தினமும் அரை மணி நேரம் தரையில் அவளோடு உட்கார வேண்டும். ஃபோன் கூடாது, கேள்வி கூடாது, திருத்தக் கூடாது. கோபப்பட்டுவிட்டால் போய்ச் சமாதானம் ஆக வேண்டியது அவள் இல்லை, நான். வெளியே கிளம்பும்போது பிள்ளைக்குப் பராக்குக் காட்டிவிட்டு நழுவக் கூடாது. நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதானே அது? நான் அதை விடவே இரண்டு மாதம் ஆனது. என் தையல் கடைக்குப் போகும் முன், சின்ன முள் அஞ்சுக்கு வரும்போது வருவேன் என்று கடிகாரத்தைக் காட்டிவிட்டுத்தான் போவேன். ஐந்துக்குள் வரவும் வேண்டும். அளவு கொடுக்க ஆள் நின்றுகொண்டிருந்தபோதே கடையைச் சாத்திவிட்டு ஓடியிருக்கிறேன். திட்டாமல் மறுநாள் வந்த வாடிக்கையாளர்களே, அந்த ஐந்து மணி உங்களால் காப்பாற்றப்பட்டது.

இதைவிடக் கஷ்டமானது ஒன்று இருந்தது. முதல் ஆறு மாதம் அவளை நாங்கள் இருவர் தவிர வேறு யாரும் தூக்கக் கூடாது, ஊட்டக் கூடாது. பேத்தி முகத்தைப் பார்க்க ஊட்டியிலிருந்து வந்த மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது? என் கணவர்தான் சொன்னார். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சமையலறைக்குப் போய் எனக்கும் அவருக்கும் சமைத்தார், துணி துவைத்தார், பதினைந்து நாள் பேத்தியைத் தொடாமல் வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டார். அத்தை, அந்தப் பதினைந்து நாளில் நீங்கள் எங்களுக்குத் தாயாக இருந்ததால்தான் நான் அவளுக்குத் தாயாக இருக்க முடிந்தது.

மாதம் ஒருமுறை கோவை போகும்போது முன்சீட்டில் ஜன்னலோரம் உட்கார வைத்து, வாந்தி வந்தால் வண்டியை நிறுத்தச் சொன்ன கண்டக்டர் அண்ணனுக்கு நன்றி. பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாக் கூட்டத்தில் யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் போய்விட்டபோது, வெள்ளை உடையில் நூறு பேருக்கு நடுவே தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்த படுகர் இளைஞர்களுக்கும் நன்றி. கைக்குழந்தைப் படம் கொண்டு வரச் சொன்ன பாடத்தை, அவளிடம் அப்படி ஒரு படமே இல்லை என்று தெரிந்ததும் வகுப்பு முழுவதற்கும் 'பிடித்த படம்' என்று மாற்றிவிட்டீர்களே டீச்சர், அதை நான் மறக்க மாட்டேன்.

இன்னொருவர் இருக்கிறார். காப்பகத்தில் அவளைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மா. கிளம்பும் நாளில் தன் பழைய புடவைத் துண்டு ஒன்றை அவள் பையில் வைத்து அனுப்பியிருந்தார். விஷயம் புரியாமல் நான் அதைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டேன். அன்றிரவு அவள் அதை முகர்ந்து பார்த்தாள், மறுபடி முகர்ந்தாள், பிறகு கீழே வைத்துவிட்டாள். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெட்கத்தோடு ஃபோன் செய்தபோது ஆயாம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் உடுத்திய புடவையைத் துவைக்காமல் கவரில் போட்டு அனுப்பினார். அதை முகத்தோடு வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, அவள் முதன்முதலாகச் சத்தம் போட்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆயாம்மா, அவளுடைய முதல் பிணைப்பு நீங்கள். அது இருந்ததால்தான் இரண்டாவது சாத்தியமானது.

பதினான்காவது மாதம் அவள் வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். முட்டி சிராய்த்துவிட்டது. எழுந்தாள், மண்ணைத் தட்டினாள், இரண்டடி நடந்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்து "ம்மா" என்றாள். வீட்டுக்குள்ளிருந்த என் கணவர் அந்தச் சத்தத்துக்கு வெளியே ஓடி வந்து, ஒன்றும் பேசாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது சண்டை போடுகிறாள், கதவைச் சாத்துகிறாள், உன்கூடப் பேச மாட்டேன் என்கிறாள். அரை மணி நேரத்தில் வந்து காலைக் கட்டிக்கொள்கிறாள்.

பெரியம்மா, உங்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை டப்பாவில் மிச்சமிருந்த வர்க்கியை உங்களுக்கு என்று எடுத்து வந்தாளே, அது கடைசி வர்க்கி. அப்புறம் மூன்று நாள் டப்பா காலியாகவே இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. நேற்றுதான் பார்த்தேன். நிரப்பி வைத்துவிட்டேன்.

கோத்தகிரியிலிருந்து,
அவளுடைய அம்மா