அம்மாவுக்கு, தட்டப்பயறு பற்றி

மான்ட்கமரி, அலபாமா
ஜனவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீங்கள், அப்பா, அம்மாயி எல்லோரும் சௌக்கியமா? அம்மாயிக்கு முழங்கால் வலி தேவலையா? போனில் பேசும்போது, "கறி திங்காத பிள்ளை அந்த ஊர்ல என்னத்தைத் திங்குமோ" என்று அம்மாயி பின்னாலிருந்து சொன்னது என் காதிலும் விழுந்தது. போனில் பதில் சொன்னால் அம்மாயிக்குப் பாதிதான் கேட்கும். அதனால் எழுதுகிறேன், நிதானமாக வாசித்துக் காட்டுங்கள்.

அம்மாயி கவலைப்பட வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் உயிராக நினைக்கும் சாப்பாடு நம் தட்டப்பயறுதான். நம் காட்டில் விளைவது செம்பழுப்பு. இங்கே வெளுத்த பயறு, காயோடு ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் கறுப்புப் பொட்டு. வெந்தால் வாசமும் மாவுப் பதமும் ஒன்றுதான். எல்லாக் கடையிலும் 450 கிராம் பொட்டலமாகக் கிடைக்கும். பொட்டலத்தின் மேலேயே கல் பார்த்துக் கழுவிப் போடச் சொல்லி அச்சடித்திருப்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தத் தென் மாநிலங்களில் பீன்ஸோ கீரையோ பயறோ, எதுவானாலும் புகை போட்ட பன்றிக்கால் எலும்பு ஒன்றைச் சேர்த்துத்தான் வேகவைப்பார்கள். ஓட்டலில் காய்கறித் தட்டு என்று வாங்கினாலும் விசாரித்துவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, உள்ளே போய் விசாரித்து வந்து சொல்கிறார்கள்.

எனக்கு வழி காட்டியது பக்கத்து வீட்டுப் பெரியம்மா. கறுப்பினத்தவர், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சின்ன வயதில் வீட்டில் இறைச்சி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தானாம். மற்ற நாளில் அவருடைய அம்மா வெறும் பயறையே ருசியாக வைத்துவிடுவாராம். "எலும்பு கொடுப்பது உப்பும் புகையும்தான், அதை வேறு விதமாகவும் கொடுக்கலாம்" என்று சொல்லி, என் அடுப்படிக்கே வந்து செய்து காட்டினார்.

செய்முறையைச் சொல்கிறேன். மஞ்சள் கிடையாது, புளி கிடையாது, கடுகு தாளிப்பதும் கிடையாது. ஒரு பொட்டலப் பயறை ராத்திரியே நனைய வைத்துவிட வேண்டும். காலையில் தண்ணீரை வடித்துவிட்டு, அடி கனத்த பாத்திரத்தில் மூன்று கரண்டி எண்ணெய் ஊற்றி, பெரிய வெங்காயம் ஒன்று, பச்சைக் குடைமிளகாய் ஒன்று, செலரித் தண்டு இரண்டு, மூன்றையும் பொடியாக நறுக்கிப் போட வேண்டும். செலரி கொத்தமல்லிக் குடும்பத்துச் செடி, தண்டு விரல் பருமனுக்கு நாரோடு இருக்கும். நமக்குச் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் கறிவேப்பிலையும் எப்படியோ, பக்கத்தில் இருக்கும் லூசியானா சமையலுக்கு இந்த மூன்றும் அப்படி.

வதக்குவதில்தான் விஷயமே இருக்கிறது, அம்மா. வெங்காயம் கண்ணாடியாக வந்ததும் நாம் அடுத்ததைப் போட்டுவிடுவோம். பெரியம்மா விடவில்லை. தீயைக் குறைத்து வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒட்ட ஆரம்பித்தது. அதன்மேல் ஒரு கைத் தண்ணீர் தெளித்ததும் சுர்ரென்று அடங்கியது. கட்டைக் கரண்டியால் சுரண்டினால் அந்தப் பழுப்பெல்லாம் வெங்காயத்தில் ஏறிவிடுகிறது. மறுபடி ஒட்ட விட்டு, மறுபடி தண்ணீர் தெளித்து, மறுபடி சுரண்டினார். கடைசியில் குடைமிளகாயும் வெங்காயமும் உருத் தெரியாமல் குழைந்து, தித்திப்பு வாசம் வந்தது. எலும்பு போடாத பயறுக்குக் கனம் இங்கேதான் வருகிறது.

அப்புறம் பூண்டு நாலைந்து பல் தட்டிப் போட்டு, புகைமிளகாய்த்தூள் ஒரு பெரிய ஸ்பூன். இது ஸ்பெயின் நாட்டுச் சரக்கு. மிளகாயை ஓக் விறகுப் புகையில் நாள்கணக்கில் உலர்த்தி அரைத்தது. காரம் அதிகம் இல்லை, டப்பாவைத் திறந்தாலே விறகடுப்பு வாசம் வரும். எண்ணெயில் நாலு கிண்டு கிண்டியதும் பயறைப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கசந்துவிடும். தைம் என்கிற காய்ந்த இலை அரை ஸ்பூன், பிரிஞ்சி இலை இரண்டு, காரத்துக்கு நம் மிளகாய்த்தூள், தண்ணீர் ஒன்றரை லிட்டர். குக்கர் வேண்டாம். மெல்லிய கொதியில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேகட்டும். பாதி வெந்ததும் உப்பு. பயறு முழுசாக இருக்க வேண்டும், ஆனால் நாக்கில் அழுத்தினால் நசுங்க வேண்டும். ஒரு கரண்டிப் பயறை மட்டும் பாத்திரத்தின் ஓரத்தில் மசித்துவிட்டால் சாறு கெட்டிப்படும். அந்தச் சாறுக்குத்தான் இங்கே மதிப்பு, ஒரு சொட்டு வீணாக்க மாட்டார்கள். இலையில் விடும்போது, பச்சைமிளகாய் ஊறிய வினிகரைச் சில சொட்டு மேலே தெளிக்க வேண்டும். அதற்கென்றே சின்ன பாட்டில் எல்லார் வீட்டு மேஜையிலும் இருக்கிறது.

நீங்கள் அங்கே செய்யும்போது புகைமிளகாய்த்தூளுக்கு அலைய வேண்டாம். நாலு வரமிளகாயையும் ஒரு தக்காளியையும் வெந்நீர் அடுப்புத் தணலில் சுட்டு நுணுக்கிப் போடுங்கள். செலரிக்குப் பதில் கொத்தமல்லித் தண்டு, வினிகருக்குப் பதில் எலுமிச்சம்பழம். கறிவேப்பிலை மட்டும் போட்டுவிடாதீர்கள், அப்புறம் அது நம் குழம்பாகிவிடும்.

கூடத் தொட்டுக்கொள்ள மக்காச்சோள ரொட்டி. மோரில் மாவைக் கரைத்து, எண்ணெய் காய்ந்த இரும்புச் சட்டியில் ஊற்றி, அப்படியே ஓவனில் வைத்துவிடுவார்கள். ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். நான் முட்டை சேர்க்காமல் செய்கிறேன், கொஞ்சம் உதிரும், ருசிக்குக் குறைவில்லை. தெற்குக் கரோலினாப் பக்கம் பயறையும் அரிசியையும் சேர்த்தே சமைத்து ஹாப்பின் ஜான் என்கிறார்கள். அதில் பன்றிக்கறியை எடுத்துவிட்டால் நம் அரிசிம்பருப்புக்குச் சொந்தம் மாதிரிதான் இருக்கிறது.

ஜனவரி 1 அன்று இந்தப் பயறைச் சாப்பிடாத வீடு இங்கே குறைவு. பயறு காசு, காலர்ட் கீரை பச்சை நோட்டு, மக்காச்சோள ரொட்டி தங்கம் என்று கணக்கு. வருஷம் முழுக்கக் கையில் பணம் புரளுமாம். பெரியம்மாவுக்கு அந்த நாள் அதற்கும் மேலே. 1862 டிசம்பர் 31 ராத்திரி, அடிமைப்பட்டுக் கிடந்தவர்களும் விடுதலையானவர்களும் கூடி விழித்திருந்தார்கள். மறுநாள், 1863 ஜனவரி 1, ஜனாதிபதி லிங்கனின் அடிமை விடுதலை அறிவிப்பு நடப்புக்கு வரும் நாள். அலபாமாவில் அது கைக்கு வந்து சேர உள்நாட்டுப் போர் முடிய வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த விழிப்பை அவர்கள் தேவாலயங்களில் இன்றுவரை நடத்துகிறார்கள். இந்த வருஷம் என்னையும் கூட்டிப்போனார். நடுராத்திரி தாண்டியதும் பாட்டு அடங்கி எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். என்னையும் விடவில்லை. மறுநாள் மத்தியானம் அவர் வீட்டில் அடுப்பில் இரண்டு பாத்திரம் இருந்தது. சின்னது எனக்காக எலும்பு போடாமல் வைத்தது. கரண்டியும் தனி. நான் கேட்கவே இல்லை, அம்மா.

இந்தப் பயறே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, விலங்கு மாட்டிக் கொண்டுவரப்பட்ட மக்களோடு கப்பலில் வந்ததுதான். எங்கள் ஊர் நடுவில் நீரூற்று ஓடும் கோர்ட் சதுக்கத்தில் ஒரு காலத்தில் மனிதர்களை ஏலம் விட்டிருக்கிறார்கள். அதே சதுக்கத்தில்தான் 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்கிற கறுப்பினப் பெண் பஸ் ஏறினார், அப்புறம் வெள்ளைக்காரருக்காகச் சீட்டை விட்டு எழுந்திருக்க மறுத்தார். அந்த வழியாகக் காய் வாங்கப் போகும்போதெல்லாம் மனசு பாரமாகிவிடுகிறது. இங்கே பழகப்போன நைஜீரியாப் பெண் ஒருத்தி, அவர்கள் ஊரில் இதே பயறை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, வெங்காயம் மிளகாய் போட்டு எண்ணெயில் பொரிப்பதாகச் சொல்லி, செய்தும் கொடுத்தாள். அக்கரா என்று பேர். சாட்சாத் உங்கள் வடைதான்.

இனி வருவது அப்பாவுக்கு. இங்கே மான்ட்கமரியைச் சுற்றிக் கறுப்பு மண் பூமி. வருஷக்கணக்கில் பருத்தியாகவே போட்டு மண்ணைச் சாகடித்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய டஸ்கீகி ஊரில், கறுப்பினத்தவருக்கான கல்விக்கூடத்துக்கு 1896இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வந்து சேர்ந்தார். பிறக்கும்போது அடிமை, பிறகு விவசாய ஆராய்ச்சியாளர். பருத்தியோடு மாற்றி மாற்றித் தட்டப்பயறும் கடலையும் போடுங்கள், வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும் என்று ஏழை விவசாயிகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். 1906இல் குதிரை வண்டியில் விதையும் கருவியும் ஏற்றிக் காட்டுக் காட்டுக்குப் போய்ச் செய்து காட்ட ஏற்பாடு செய்தார். நம் விவசாயக் காலேஜ் சைதாப்பேட்டையிலிருந்து கோயமுத்தூருக்கு வந்ததும் அதே வருஷம்தான். விளைந்த பயறை எப்படிச் சமைப்பது என்று 1908இல் தனியாக ஒரு சின்ன வெளியீடே போட்டார். சோளத்தோடு தட்டப்பயறு ஊடுபயிராக விதைத்தால் மண்ணுக்கும் நல்லது, மாட்டுக்கும் தீவனம் என்று அப்பா சொல்வார் இல்லையா? டஸ்கீகியில் கார்வர் மியூசியத்தைச் சுற்றி வரும்போது அப்பா கூட இருந்திருக்கலாமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. விசா வேலையைச் சீக்கிரம் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரியம்மாவுக்கு நம் தட்டப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு வைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தேங்காயை அம்மாயி வறுத்து அரைப்பாரா, பச்சையாகவா? கேட்டு எழுதுங்கள். இந்தப் பக்கம் யாராவது வந்தால் வெங்காய வடகம் ஒரு கிலோ கொடுத்துவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்