ஏழாவது கேள்விக்கு ஒரு வரி போதாது

பீங்கான் கலைக் கண்காட்சி ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் விண்ணப்பத்தின் ஏழாவது கேள்வியில் மூன்று நாளாக நிற்கிறேன். ‘உங்கள் படைப்பைப் பாதித்த கலைஞர்கள், பயின்ற நிறுவனம்’ என்று கேட்டு ஒரே ஒரு வரி இடம் விட்டிருக்கிறீர்கள்.

அதில் எந்தப் பெயர்கள் எடுபடும் என்று எனக்கும் தெரியும். 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் மண்பாண்டப் பட்டறை தொடங்கிய பெர்னார்ட் லீச், ஹமடா ஷோஜி. ஜப்பானில் படித்துவிட்டு வந்து டெல்லியில் பட்டறை வைத்த குர்சரண் சிங். 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய ரே மீக்கர், டெபோரா ஸ்மித். அந்தக் கடன் எனக்கும் உண்டு. அந்தப் புதுச்சேரிப் பட்டறையில் பயின்றவரிடம்தான் சக்கரம் கற்றேன், கல் போல இறுகும் ஸ்டோன்வேரை 1,250 டிகிரிக்குச் சுடக் கற்றேன்.

சரி, மிச்சத்தை எங்கே எழுதுவது?

சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு வேளார் தாத்தா இருக்கிறார். பானையின் வாயையும் தோளையும் சக்கரத்தில் வனைந்து, அடி திறந்தபடியே அறுத்து எடுப்பார். கொஞ்சம் இறுகியதும் உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டியே வயிற்றை உப்பவைத்து அடியை மூடுவார். “கண்ணால பாக்காதம்மா, சத்தத்தக் கேளு” என்பார். மண் எங்கே தடித்திருக்கிறது என்பதைத் தட்டும் ஓசையிலேயே சொல்லிவிடுவார். போன தடவை உங்கள் அரங்கில் என் குடுவையைப் பார்த்த ஒருவர், கொரியாவின் உருண்டை வெள்ளைக் குடமான நிலவுக் குடம் போலிருக்கிறது என்று பாராட்டினார். மறுக்கத் தைரியம் வரவில்லை. அது தாத்தாவின் தண்ணீர்ப் பானை வயிறு!

அப்புறம் மெருகு, அதாவது சுட்டதும் பானைமேல் கண்ணாடி போலப் படியும் பூச்சு. சாம்பல் மெருகு கிழக்காசிய முறைதான், ஆனால் என் சாம்பல் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கவாத்து செய்த கிளைகளை எரித்தது. ரயிலில் போகும்போது தெரியும் மேக்னசைட் சுரங்கத்தின் வெள்ளைக் குவியல்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். உருக்காலை உலைகளுக்குச் செங்கலாகப் போகும் கல் அது. அதைப் பொடித்து மெருகில் கொஞ்சம் அதிகமாகப் போட்டால், சூளையில் மெருகு சுருண்டு, வற்றிய ஏரி போல வெடித்துக் கிடக்கும். முதல் தடவை கெட்டுப்போனதென்று தூக்கிப் போட்டேன். இப்போது வேண்டுமென்றே செய்கிறேன்.

ஆக, அந்த இடத்தை அரைப் பக்கமாக்குங்கள். எழுதியதைக் காட்சி அட்டையிலும் அச்சிடுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் வாசலில் பந்தல் போட்டு, ஒரு வேளாரை உட்காரவைத்து, குழந்தைகளுக்கு அகல் விளக்கு செய்து காட்டச் சொல்லிக் கூலி கொடுத்து அனுப்புகிறீர்கள். அவர் பானைகளை உள்ளே, எங்கள் பானைகளோடு வைக்கலாமே.

தாத்தாவிடம் இதைச் சொன்னேன். “பேரு போடுறதுன்னா இனிஷியலோட போடச் சொல்லும்மா” என்றார். ஏழாவது கேள்வியில் அப்படியே எழுதியிருக்கிறேன், வரியைத் தாண்டி ஓரத்தில்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு மண்பாண்டக்காரி