கயலுக்கு, எம்டனின் கரிக்கணக்கு

அன்புள்ள கயல்,

உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் எம்டன் கல்வெட்டைப் பார்த்துவிட்டு, அந்த ஜெர்மன் போர்க்கப்பல் என்னதான் செய்தது என்று கேட்டிருந்தாய். சென்னையில் குண்டு போட்ட அரைமணி நேரத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். இன்ஜின் அறையில் வேலை பார்க்கிற உனக்கு அது எரித்த நிலக்கரியின் கணக்கிலிருந்து சொன்னால்தான் பிடிபடும்.

அப்போது ஜெர்மனியில் இருந்த டான்சிக் நகரில் கட்டி 1908 மே 26இல் தண்ணீரில் இறக்கினார்கள். நீளம் 118 மீட்டர், 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து, கொதிகலன்கள் பன்னிரண்டு. ஜோடிக் கப்பலான டிரெஸ்டனுக்கு டர்பைன் வைத்தார்கள். எம்டனுக்கு, நீராவியை மூன்று கட்டமாக விரியவிட்டு பிஸ்டனைத் தள்ளும் டிரிப்பிள் எக்ஸ்பான்ஷன் இன்ஜின் இரண்டு. பிஸ்டன் இன்ஜினோடு வந்த கடைசி ஜெர்மன் குரூசர் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்) அதுதான். உச்ச வேகம் 23.5 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்). பங்கர் என்ற கரிக்கிடங்கு நிரம்ப 860 டன் கரி. 12 நாட்டில் போனால் சுமார் 3,760 கடல் மைல் தாங்கும். வேகத்தைக் கூட்டினால் எரிபொருள் எப்படிப் பறக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

1910இல் கீலிலிருந்து கிளம்பி, தென்னமெரிக்காவைச் சுற்றி, செப்டம்பரில் சீனாவின் சிங்தாவ் துறைமுகம் சேர்ந்தது. 1913இல் கார்ல் ஃபான் முல்லர் கேப்டனாக வந்தார்.

முதல் உலகப் போர் மூண்டதும், 1914 ஆகஸ்டில், பசிபிக்கின் பகான் தீவில் ஜெர்மன் கிழக்காசியப் படையின் தலைவர் அட்மிரல் ஷ்பேயின் கப்பல்கள் கூடின. இந்தியப் பெருங்கடலில் ஜெர்மனிக்குத் துறைமுகமே கிடையாது; மொத்தப் படைக்கும் அங்கே கரி கிடைக்காது. ஒற்றைக் கப்பல் என்றால் பிடித்த கப்பல்களின் கரியிலேயே பிழைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில்தான் முல்லரைத் தனியே அனுப்பினார்கள், மார்கோமானியா என்ற கரிக்கப்பலைத் துணைக்குக் கொடுத்து.

வங்காள விரிகுடாவில் செப்டம்பர் 10இல் முதலில் சிக்கிய போன்டோபோரோஸ் கப்பலில் இருந்தது இந்தியக் கரி. சூடு குறைவு, சாம்பல் அதிகம், புகையோ தொலைவிலிருந்தே காட்டிக்கொடுக்கும். அடுப்பை அடிக்கடி கிளறிச் சுத்தம் செய்யவேண்டும். அந்த நேரத்தில் நீராவி அழுத்தம் இறங்கும். பிறகு இலங்கைக்கு மேற்கே பிடிபட்ட புரெஸ்க் கப்பலில், சூடு அதிகமும் புகை குறைவுமான வேல்ஸ் கரி 6,000 டன்னுக்கு மேல் கிடைத்தது. அந்த ஒரு கப்பல், சென்னையில் எரிந்த எண்ணெய்த் தொட்டிகளைவிட முல்லருக்குப் பெரிய லாபம் என்பேன்.

கரி ஏற்றுவதுதான் கொடுமையான வேலை. இரண்டு கப்பலையும் பக்கத்தோடு பக்கம் கட்டி, நடுவே மோதல் தாங்கத் தடுப்புகள் தொங்கவிட்டு, மூட்டை மூட்டையாக இறக்கவேண்டும். அலை சற்று எழுந்தாலும் இரண்டும் இடித்துக்கொள்ளும். பங்கர் நிறைந்தபின் மேல்தளத்திலும் குவித்தார்கள்.

சென்னை, செப்டம்பர் 22 இரவு: ஏறக்குறைய 130 குண்டுகள், பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் மீது. அக்டோபர் 9இல் டியகோ கார்சியா தீவு. வெப்பக் கடலில் கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டி வேகத்தைத் தின்னும்; உலர் துறைக்கு வழியில்லை. ஒரு பக்கத் தொட்டிகளில் நீர் ஏற்றிக் கப்பலைச் சாய்த்து, மேலே வந்த பகுதியைச் சுரண்டினார்கள், பிறகு மறுபக்கம். போர் மூண்ட செய்தியே அந்தத் தீவுக்கு எட்டியிருக்கவில்லை. அக்டோபர் 28இல் பினாங்கில் போலியாக நாலாவது புகைபோக்கி கட்டி நுழைந்து, ரஷ்யாவின் ஷெம்சுக் குரூசரை டார்பிடோவால் மூழ்கடித்தது.

நவம்பர் 9, இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகள். தந்தி நிலையத்தை அழிக்க மூக்கே என்ற அதிகாரியோடு ஐம்பது பேர் கரையிறங்கியிருந்தார்கள். தொடுவானில் புகை தெரிந்தது. கரி கொண்டுவரும் புரெஸ்க்தான் என்று நினைத்தார்கள். வந்தது ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல்: 6 அங்குல பீரங்கி எட்டு, குண்டு ஒன்று 45 கிலோ, எம்டனின் குண்டோ 17 கிலோ.

முதல் சில நிமிடங்கள் எம்டன் நன்றாகவே சுட்டது. சிட்னியின் தூரமானி (இலக்கின் தூரம் அளக்கும் கருவி) ஒன்றை உடைத்தது. அப்புறம் எம்டனின் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. இதை நீ நின்று யோசிக்கவேண்டும்: புகைபோக்கி போனால் அடுப்புக்குக் காற்றிழுப்பு போகும், புகை கொதிகலன் அறைக்கே திரும்பும், நெருப்பு மங்கும், வேகம் விழும். சிட்னியோ ஏற்கெனவே வேகமான கப்பல். எட்டாத தூரத்தில் நின்றே அடிக்கலாம். சுமார் 11.20க்கு முல்லர் கப்பலை அருகிலிருந்த வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றினார். எம்டனில் 130க்கு மேற்பட்டோர் இறந்தனர், சிட்னியில் நால்வர்.

அதன்பிறகே புரெஸ்க் வந்தது. சிட்னி துரத்தியதும், புரெஸ்க்கில் இருந்த ஜெர்மானியர்கள் கப்பல் மூழ்கட்டும் என்று கடல்நீர் வால்வுகளைத் திறந்து, மறுபடி மூடமுடியாதபடி கெடுத்துவிட்டார்கள். எந்த வால்வுகள் என்று உனக்கே தெரியும்.

அன்புடன்,
அப்பா